புகையில் கிடக்கும் ஷீட்டுக்கு ஒரு பெட்டி

1

தொண்ணூற்று நாலாம் ஆண்டு மழைக்காலத்தில், ஜெர்மனியில் என் அலுவலக மேசையில் உட்கார்ந்துகொண்டு, தொலைபேசியில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் சித்தப்பா மகன் ஞானதாஸ் திருடன் என்று பெயர் வாங்கினான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். உண்மையான பதில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களில் பலருக்கு ஞானதாஸைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

2

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருட வேலை. கடைசி நாள் கேக் வெட்டி, பேசி, சுவரில் மாட்டுவதற்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு படம். அதை நான் வரைந்திருந்தேன். கேரள எல்லையில், பாறசாலைக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊர் ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று பெட்டிகளும் அம்புகளுமாக ஒரே பக்கத்தில் அடங்கிய படம். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் நடத்த அதைத்தான் வருடக்கணக்காகக் காட்டினார்களாம். "இவ்வளவு சிக்கலான வேலையை ஒரே பக்கத்தில் காட்டிய ஒரே ஆள்" என்று துறைத் தலைவர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது என் மகள் ஆனி வந்திருந்தாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் ஜெர்மனில்தான் வரும். அவள் தம்பி ஜோயலுக்கு அந்தப் புரிதலும் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறான், அதில் கையெழுத்து மட்டும் இருக்கும். ஆனி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அம்புகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"அப்பா, அந்தப் புகை வீடு எங்கே?" என்றாள். அதைத் தமிழில் கேட்டாள்.

"எந்தப் புகை வீடு?"

"தாஸ் சித்தப்பா கூட்டிட்டுப் போனாங்களே. உள்ளே ரப்பர் ஷீட் தொங்கும். நான் தும்மிக்கிட்டே இருந்தேன். இதிலே அது இல்லையே."

ஒன்பது வயதில் ஒரே ஒரு விடுமுறையில் பார்த்தது. தமிழில் பாதி மறந்துவிட்டாள், தும்மலை மறக்கவில்லை. படத்தை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரிக்குள் வைத்தேன். அன்று தொடங்கிய தூக்கமின்மைதான் இந்தக் குறிப்பை எழுத வைக்கிறது.

3

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. "கம்ப்யூட்டரில்" என்பேன். அவர்களும் தலையாட்டுவார்கள். இப்போது சொல்லியாக வேண்டும்.

ஒரு அலுவலகத்தில் ஒரு காரியம் முதலிலிருந்து முடிவுவரை எப்படிப் போகிறது என்று படம் வரைவதற்கு மென்பொருள் உண்டு. செய்கிற வேலைக்கு ஒரு வடிவம், முடிவெடுக்கும் இடத்துக்கு ஒரு வடிவம், கைமாறுகிற பொருளுக்கு, அதாவது விண்ணப்பத்துக்கு, கோப்புக்கு, சரக்குக்கு, இன்னொரு வடிவம். இந்தக் கடைசி வடிவம்தான் தொல்லை பிடித்தது. ஒரு விண்ணப்பம் வரும்போதும் விண்ணப்பம்தான், பரிசீலிக்கும்போதும் விண்ணப்பம்தான், தள்ளுபடி ஆன பிறகும் விண்ணப்பம்தான். மாறுவது அதன் நிலை. அதனால் பெயருக்குப் பக்கத்தில் நிலையை அடைப்புக்குறிக்குள் எழுதுவோம். விண்ணப்பம் [வந்தது]. விண்ணப்பம் [பரிசீலனையில்]. விண்ணப்பம் [முடிந்தது].

அந்தக் காலத்து மென்பொருளுக்கு இந்த மூன்றும் ஒரே விண்ணப்பம் என்று தெரியாது. மூன்று பெட்டி போட்டால் மூன்று வெவ்வேறு பொருள் என்று நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டிக்கும் அம்புகளைத் தனித்தனியாக இழுக்க வேண்டும். நிலைகள் கூடக் கூடப் படம் சிலந்திவலை ஆகிவிடும். எனவே எங்களில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் செய்தது என்னவென்றால், நடுவில் உள்ள நிலைகளை விட்டுவிடுவது. வந்தது, முடிந்தது, அவ்வளவுதான். நடுவில் கிடப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆனால் நடுவில் கிடப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் தங்கும் உரிமை விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடந்தது. ஊரில் முடிவாகாத எதையும், கல்யாணப் பேச்சானாலும் பாகப் பிரிவினையானாலும், புகை போட்டுக் காயவிட்ட ரப்பர் ஷீட்டைச் சொல்வதுபோல் "புகையில கெடக்கு" என்றுதான் சொல்வோம். அரைகுறை ஜெர்மன் வைத்துக்கொண்டு நான் அதையே அப்படியே மொழிபெயர்த்து, "என் விண்ணப்பம் புகையிலா இருக்கிறது?" என்று ஜன்னலில் இருந்த அம்மாளிடம் கேட்டேன். அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் மொழியில் புகையில் போனது என்றால் எரிந்து ஒழிந்தது என்று அர்த்தம். எழுந்து உள்ளே ஓடி, கோப்பைத் தேடி எடுத்துவந்து காட்டி, "இல்லை ஐயா, ஒன்றும் எரியவில்லை, பத்திரமாக இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். அந்தக் கோப்பைக் கண்ணால் கண்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி. முடிவாகாவிட்டாலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று ஒரு ஆள் சொன்னாரே.

அந்த நிம்மதியை அனுபவித்த நான்தான் தம்பி ஞானதாஸுக்கு அதை மறுத்தேன்.

4

தொண்ணூற்று மூன்றில் விடுமுறைக்கு ஊர் போனேன். சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பையன் வந்து புரோகிராம் எழுதுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் வேலை நடக்கும் முறையை யாராவது வரைந்து கொடுத்தால் நல்லது என்றார் சங்கத் தலைவர். ஜெர்மன்காரர் கையில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? நான் மென்பொருளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். காட்டிக்கொள்ளத்தான் கொண்டுபோனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞானதாஸ் சங்கத்தில் ஸ்டோர்கீப்பர். என்னைவிடப் பத்து வயது இளையவன். பட்டப்படிப்பு முடித்தவன், வாய்த்துடுக்கு அதிகம், ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பை எடுப்பவர்களில் ஒருவன். எங்கள் சபையில் அந்தப் பையை எல்லார் கையிலும் கொடுப்பதில்லை.

நான் வரைந்ததை அவனிடம் காட்டினேன். இன்னும் காயாத பச்சை ரப்பர் ஷீட் சங்கத்துக்கு வரும்; புகைப்புரையில் தொங்கவிட்டு உலர்த்திய பிறகு கிட்டங்கிக்கு, அதாவது சரக்கறைக்கு, போகும். பச்சை ஷீட் [ஏற்கப்பட்டது]. அங்கிருந்து ஒரு அம்பு. ஷீட் [தரம் பிரித்துக் கிட்டங்கியில்].

"அண்ணா, இடையில ஒண்ணு விட்டுப்போச்சு" என்றான்.

"என்னலே?"

"புகையில கெடக்குத ஷீட்டுக்கு ஒரு பெட்டி வேண்டாமா?"

"அது வழியில உள்ளதுதானே மக்கா. உள்ளே வந்தது, வெளியே வந்தது. போதும்."

"வழியிலயா? மழைக்காலத்துல அது எத்தன நாளு வழியில கெடக்கும்னு தெரியுமா உங்களுக்கு? நம்ம புகைப்புரை நெறஞ்சா அக்கரையில தங்கையனுக்க புகைப்புரைக்குக் குடுத்து விடுவோம். அப்ப அது நம்ம கிட்டங்கியிலயும் இருக்காது, தரமும் பிரிச்சிருக்காது. எங்கன்னு காட்டுவீங்க?"

அக்கரை என்றால் ஆற்றுக்கு அப்பால் அல்ல, எல்லைக்கு அப்பால். தங்கையனின் புகைப்புரை தமிழ்நாட்டில் இருக்கிறது, நடந்து போகிற தூரம். ஒரே சபை, ஒரே சந்தை, கொண்டான் கொடுத்தான் உறவு. ஷீட் காய்வதற்கு இடம் போதாத போது அங்கே கொண்டுபோய்த் தொங்கவிடுவதும், காய்ந்த பிறகு எடுத்துவருவதும் எங்கள் அப்பா காலத்திலிருந்து நடப்பது. அதற்கு இடையில் ஒரு மாநில எல்லை இருப்பதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

இதையெல்லாம் அவன் எனக்கு விளக்கமாகச் சொன்னான். நான் கேட்டேன். ஒரு பெட்டி கூடப் போட்டால் படம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து அதிகாரி வருகிறார், ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

"தியரி உனக்கு வெளங்காதுலே" என்றேன்.

"செரி அண்ணா. தியரியில மழை பெய்யாதாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

அதிகாரி படத்தைப் பாராட்டினார். பையன் படத்தைப் பார்த்து அப்படியே புரோகிராம் எழுதினான். நான் ஒரு பிரதியை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து அலுவலகத்திலும் காட்டினேன்.

5

அடுத்த வருடம் மழை விடாமல் பிடித்தது. சங்கப் புகைப்புரை நிரம்பி, ஞானதாஸ் வழக்கம்போல் ஷீட்டுகளை அக்கரைக்கு அனுப்பியிருக்கிறான். அந்தச் சமயம் தணிக்கை வந்தது. கம்ப்யூட்டர் கணக்கில் ஷீட் ஏற்கப்பட்டிருக்கிறது, கிட்டங்கியில் இல்லை. அந்த இரண்டைத் தவிர மூன்றாவது இடம் ஒன்று இருக்கலாம் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தேடிப் போனால் சரக்கு வேறு மாநிலத்தில், இன்னொருவர் கொட்டிலில் தொங்குகிறது. எல்லை தாண்டிய சரக்குக்குக் கடத்தல் என்று பெயர் வைக்கப் போலீசுக்கு நேரம் ஆகவில்லை.

ஞானதாஸ் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: இது வழக்கம், படம் வரைந்த அண்ணனிடமே நான் சொல்லியிருக்கிறேன், கேட்டுப்பாருங்கள்.

கேட்டார்கள். தலைவர் சங்கத்திலிருந்தே அழைத்தார். மலையாளமும் தமிழும் கலந்த அவருடைய நிதானமான பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"சாரே, ஏற்றபின் கிட்டங்கியிலும் இல்லாத ஷீட் என்று ஒரு நிலை உண்டோ? படத்தில் இல்லல்லோ."

"படத்தில் இல்லை" என்றேன்.

"ஞானதாஸ் பறயுது, அவன் சாரிடம் முன்பே சொல்லியிருந்தான் என்று. செரியாணோ?"

என் மேசையில் அந்த வாரம் வந்த சுற்றறிக்கை கிடந்தது. என் படத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், நான் அதைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு நிலையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், அதை ஒருவன் சுட்டிக்காட்டியும் விட்டுவிட்டேன் என்று சொன்னால், அந்தப் படம் என்னவாகும் என்று யோசித்தேன். தம்பி என்னவாவான் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது.

"எனக்கு நினைவில்லை."

"செரி சாரே" என்று வைத்துவிட்டார்.

பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. படத்தில் இல்லை என்பது பொய் இல்லையே, நினைவில்லை என்பது குற்றம் சாட்டுவது ஆகாதே, சங்கத்துக்காரர்கள் விசாரிப்பார்கள். அப்படியெல்லாம் பக்கம் பக்கமாகச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியும். அதுவும் என் தொழிலில் ஒரு பகுதிதான்.

6

ஒரு ராத்திரி அவனை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். சங்கம் அவனைச் சஸ்பெண்ட் செய்தது. ஷீட்டுகளைத் தொண்டிப் பொருளாக, வழக்குக்கான சாட்சியமாக, எடுத்து ஸ்டேஷன் பின்கட்டில் போட்டார்கள். அவை அங்கேயே பூசணம் பிடித்துப்போயின. தங்கையன் சாட்சி சொன்னான். அக்கரைக்காரன், சொந்தக்காரன், சரக்கை வைத்திருந்தவன் என்று அவன் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குச் சில தடவை போய்வந்த பிறகு, தெளிவில்லை என்று சங்கமே புகாரைத் திரும்பப் பெற்றது. ஆனால் சஸ்பென்ஷனை யாரும் எடுக்கவில்லை. வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

அவன் மூத்த மகளுக்குப் பேசி முடித்த இடம் வேண்டாம் என்றது. சபையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, காணிக்கைப் பையை மட்டும் அவன் கையில் நீட்டுவதை நிறுத்தினார்கள். அவன் தகப்பன், என் சித்தப்பா, அடுத்த வருடம் இறந்தார். மகன் நிரபராதி என்று அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்கவே இல்லை.

7

ஓய்வுக்குப் பிறகு வந்த ஜூனில் ஊர் போனேன். நல்ல மழை. கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தை எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். கூடவே புதிதாக வரைந்த இன்னொன்று. பச்சை ஷீட் [ஏற்கப்பட்டது], ஷீட் [புகையில்], ஷீட் [தரம் பிரித்துக் கிட்டங்கியில்]. இரண்டு பக்கம் வந்தது.

சங்கத்தில் இப்போது புதிய தலைவர், இளைஞர். நிர்வாகக் குழு கூட்டத்தில் நான் நின்று, என்ன நடந்தது, என்னிடம் யார் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று சொன்னேன். எனக்கு நினைவு இருந்தது என்றும் சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சாயாவும் பழம்பொரியும் வந்தன. "பழய காரியமல்லே சாரே" என்றார் தலைவர். சஸ்பென்ஷனை ரத்து செய்து தீர்மானம் போட்டு வெளியே பலகையில் ஒட்டினார்கள். அந்த வேலையில் எப்போதோ வேறு ஆள் சேர்ந்துவிட்டார். அவரை நீக்க முடியாது.

தீர்மானத்தின் நகலோடு ஞானதாஸ் வீட்டுக்குப் போனேன். அவன் முற்றத்தில் ஷீட் அடிக்கும் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினான். அவன் மனைவி லீலாதான், "உள்ள கேறி இருங்க அண்ணா" என்றாள்.

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வாசித்தான்.

"சஸ்பென்ஷன் இல்ல. வேலையும் இல்ல" என்றான். "இதுக்கும் ஒரு பெட்டி வரைஞ்சிருங்க அண்ணா."

"தாசு, நான் என்ன செய்யணும், சொல்லு."

"என்ன செய்ய முடியும் உங்களால?"

"எதுன்னாலும் செய்யலாம்."

"நாளைக்குக் காலத்த வாங்க" என்றான். "எனக்க ஷீட்டு அக்கரைக்குப் போவணும். நீங்களும் சொமக்கணும்."

"அதுக்கென்ன. ஊடுவழியாப் போனா சீக்கிரம் போயிரலாமே."

"ஊடுவழி இல்ல. ரோட்டு வழி. செக்போஸ்ட்டு வழி."

லீலா கதவருகில் நின்று, "வயசான ஆளாக்கும், மழை வேற" என்றாள்.

"நானும் அன்னைக்கு மழையிலதான் போலீசு கூடப் போனேன்" என்றான் அவன்.

8

பச்சை ஷீட்டைச் சுமந்தவர்களுக்குத் தெரியும். ஈரம், கனம், புளித்த நாற்றம். தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கும். அவன் தன் கட்டை விரித்தபடியே பலகையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டான். எனக்கு அது வசப்படவில்லை. நாலாக மடித்துத் தோளில் போட்டேன். அவன் பார்த்தான். முன்னால் நடந்தான்.

பெரிய ரோட்டில், பஸ் நிற்கிற இடத்தில், சாயாக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். "என்ன சாரே, ஜெர்மன்ல பென்ஷன் பத்தலியா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஞானதாஸ் திரும்பவில்லை, ஆனால் நடையைக் குறைத்தான். நான் பதில் சொல்வதற்காகத்தான் என்று புரிந்தது.

"இது தாசுக்க ஷீட்டு" என்றேன். "நாலு வருசம் முன்ன அவன் கொண்டுபோனதும் இதுபோல புகைக்குத்தான். எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தான். கேட்டப்ப நான் நினைவில்லன்னு பொய் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. கேட்டவர் சாயா தம்ளரைப் பார்த்துக்கொண்டார்.

செக்போஸ்ட்டில் ஒரு இளம் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். "எந்தா சாரே இது?"

"பச்சை ஷீட்டு. புகைக்குக் கொண்டு போறோம். காஞ்சதும் திரும்பி வரும்."

"ஆருடே?"

"இவனுக்க. எனக்க சித்தப்பா மகன்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கு இவ்வளவு விளக்கம் என்று நினைத்திருப்பார். போகச் சொல்லிக் கை காட்டினார்.

தங்கையனின் புகைப்புரையில் நான் தும்மிக்கொண்டே இருந்தேன். ஞானதாஸ் மூங்கில்களில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டான். இருவரும் திரும்பி நடந்தோம். வீட்டு வாசலில், "வாறேன் தாசு" என்றேன். "ம்" என்றான். அன்று அவன் எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு சபையில் கமிட்டிக்காரர் காணிக்கைப் பையை அவனிடம் நீட்டினார். எல்லோரும் பார்த்தோம். "எனக்கு முட்டு வேதனை" என்று சொல்லி அவன் எழுந்திருக்கவில்லை. பை அடுத்த வரிசைக்குப் போனது. லீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

9

திரும்பி வந்து, திருத்திய படத்தை என் பழைய நிறுவனத்துக்கு அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. பயிற்சிக்கு ஒரே பக்கம்தான் வசதி, பழையதையே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறேன். உள்ளே யாரோ ஒரு பையனுக்கு அதைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனியிடம் எல்லாம் சொன்னேன். அவள், "சித்தப்பா உங்களோட பழையபடி பேசினாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஒரு மாதம் கழித்து லீலாவுக்குத் தொலைபேசினேன். மகளுக்கு வேறு இடம் எதுவும் வரவில்லை, வந்தால் சொல்கிறேன் என்றாள். பிறகு, "கொஞ்சம் இருங்க, அவரு கேக்காவ" என்றாள்.

நாலு வருடத்துக்குப் பிறகு அவன் குரல் தொலைபேசியில் வந்தது.

"அண்ணா, ஷீட்டு காஞ்சு வந்தாச்சு."

"நல்லா வந்துதா?"

"எனக்கது நல்லா வந்துது. நீங்க சொமந்தது ஒட்டிப்போச்சு. பச்சை ஷீட்ட யாராவது மடக்குவாவளா? சங்கத்துல கடைசித் தரம் போட்டாவ."

"யாருக்க ஷீட்டு இதுன்னு கேட்டாவளா?" என்றேன்.

"கேட்டாவ" என்றான். "எனக்க ஷீட்டுதான், சொமந்தது எங்க அண்ணன்னு சொன்னேன்."